கொடியும் உறுதியும்

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஜமாதுல் ஆகிர் மாதப் பிறை பிறந்ததும் கொடி ஏறும். நாகூர் சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் ஏறும் கொடி அது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் அடக்கமாகியிருப்பது கடலுக்கு அப்பால், நாகூரில். கல்முனைக் கரையில் இருப்பது அவருடைய நினைவிடம் மட்டுமே. ஆனாலும் மௌலிது, றிபாயி பாவாமாரின் றாத்தீபு, தெருக்கடைகள், கந்தூரிச் சோறு என்று அந்த நாட்களில் கடற்கரை நிறைந்துவிடும். அயலூர்த் தமிழரில் சிலரும் நேர்ச்சையோடு வருவதுண்டு.

இதே ஊர்களில் ஆரவாரமில்லாத இன்னொரு காரியமும் நடக்கிறது. மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தால் தகப்பன் நொத்தாரிசிடம் போய் வீட்டை அவள் பெயருக்கு உறுதி எழுதிக் கொடுக்கிறார். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருக்கிறார். கொடியேற்றம் மார்க்கத்தில் உள்ளதா என்று ஊர்கள் இரண்டுபட்டு வாதாடியிருக்கின்றன. சீதனத்தைக் கண்டித்தும் குத்பாக்கள் ஓதப்பட்டிருக்கின்றன. ஆனால் கண்டித்தவரின் மகளுக்கும் கடைசியில் ஒரு வீடு எழுதப்படுகிறது. ஒரு வழமை வாதத்துக்கு அசைந்து கொடுப்பதும், இன்னொன்று அசையாமல் நிற்பதும் எதனால்? ஒரு மக்களை அந்த மக்களாக்குவது மார்க்கமா வழமையா என்ற பழைய கேள்வியின் இந்தக் கரை வடிவம் இதுதான்.

அம்பாறை மாவட்டம் 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அதன் மக்களில் ஏறத்தாழ 43 சதவீதத்தினர் முஸ்லிம்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கடலோரமாகவும், சம்மாந்துறை போல வயலோரமாகவும் அவர்களுடைய ஊர்கள் கிடக்கின்றன. மீன்பிடி உண்டு, வணிகம் உண்டு, மருதமுனையில் கைத்தறி உண்டு. ஆனாலும் ஊரின் கௌரவத்தை அளந்தது நெடுங்காலம் நெல்வயல்தான். இவர்கள் சுன்னத் வல்ஜமாஅத்தினர், மத்ஹபு எனும் சட்டநெறியில் ஷாஃபிஈ. வீட்டுமொழி தமிழ். ஆனால் தமிழர் என்று தங்களைச் சொல்லிக்கொள்வதில்லை.

இந்தக் கடைசி வாக்கியம் வெளியாருக்குப் புதிராகப்படும். இலங்கையில் அது ஒரு பெரிய விவாதமாகவே நடந்திருக்கிறது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை இதழில் எழுதிய கட்டுரையில், சோனகர் எனப்படும் இலங்கை முஸ்லிம்கள் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் இஸ்லாமியர் என்று வாதிட்டார். மொழியும் பல சடங்குகளும் அவருக்குச் சான்று. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு விரிவான மறுப்பு எழுதி, அறபு வம்சாவளியை முன்வைத்தார். இராமநாதனின் வாதத்துக்குப் பின்னால் சட்டசபைப் பிரதிநிதித்துவம் என்ற அரசியல் கணக்கு இருந்தது. அஸீஸின் மறுப்புக்குப் பின்னாலும் அதே கணக்குத்தான். இருவரும் ‘எங்கிருந்து வந்தார்கள்’ என்று கேட்டார்கள். ‘எப்படி வாழ்கிறார்கள்’ என்பதை இரண்டாம் இடத்தில் வைத்தார்கள்.

மொழி ஒன்றானால் இனமும் ஒன்றாக வேண்டும் என்ற எண்ணத்துக்கு ஸ்கொட்லாந்து நல்லதொரு பதில். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் அந்நாட்டின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக்கைப் பேசக்கூடியவர்கள் சுமார் 57,000 பேர். மொத்த மக்களில் ஒரு சதவீதத்தை ஒட்டியது. மற்றவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலமோ அதன் உறவு மொழியான ஸ்கொட்ஸோ பேசுகிறவர்கள். அவர்களில் ஒருவரை ஆங்கிலேயர் என்று அழைத்தால் முகம் சுருங்கும். மொழியைப் பகிர்ந்துகொள்வதும் இனத்தைப் பகிர்ந்துகொள்வதும் அங்கேயும் வேறுவேறு காரியங்கள்.

ஸ்கொட்லாந்தியரை இலங்கை அறிந்தது தேயிலை வழியாக. 1867இல் லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெயிலர் அந்நாட்டவர். அக்கரப்பத்தனைப் பக்கத் தோட்டங்கள் இன்னும் பல்மோரல், கிளாஸ்கோ என்று அந்த நாட்டுப் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. உலகம் அவர்களை அறிவதோ கட்டம்போட்ட பாவாடை, பைக்குழல், கிளான் எனும் குலப்பிரிவு, ஆட்டிரைப்பையில் அடைத்து அவிக்கும் ஹாகிஸ், சிக்கனம், விஸ்கி ஆகியவற்றால். இவற்றில் முதலிடம் பெறும் உடைக்கு விசித்திரமான சரித்திரம் உண்டு. மலைநாட்டுக் குலங்கள் மன்னருக்கெதிராகக் கிளர்ந்து தோற்றபின், 1746இன் சட்டம் அந்த உடையைத் தடை செய்தது. 1782இல் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்கொட் வரவேற்பு முழுவதையும் கட்டம்போட்ட துணியால் அலங்கரித்தார். அதுவரை தாழ்நில நகரத்தார் ஏளனமாகப் பார்த்த மலைநாட்டு உடை, அந்த வரவேற்புக்குப் பின் முழு நாட்டின் உடையாகிவிட்டது. குலத்துக்கொரு கட்டம் என்ற ஒழுங்கான பட்டியலும் பெரும்பாலும் அந்த நூற்றாண்டின் வேலை. குலத்தலைவர்களின் நீதி அதிகாரம் பறிக்கப்பட்டு, குலம் என்ற உயிருள்ள அமைப்பு ஒடிந்தபிறகுதான் அதன் துணி புகழ்பெற்றது. மருதமுனைத் தறியில் விழும் கட்டச் சாரத்துக்கு இப்படிப்பட்ட யோகம் அடிக்கவில்லை. அதை உடுப்பவர்கள் இன்னும் அதை வெறும் சாரமாகவே உடுக்கிறார்கள்.

மார்க்கச் சீர்திருத்தம் வழமையை எப்படி நடத்தும் என்பதற்கும் அங்கே ஒரு சான்று இருக்கிறது. 1560இல் ஜோன் நொக்ஸ் முதலானோர் தலைமையில் ஸ்கொட்லாந்துத் திருச்சபை சீர்திருத்தம் கண்டது. வேதத்தில் ஆதாரமில்லாத பண்டிகை எதுவும் வேண்டாம் என்று புனிதர் நாட்களை நீக்கியது, கிறிஸ்மசும் தப்பவில்லை. 1640இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் கிறிஸ்மஸ் விடுமுறையை ஒழித்தது. இடையில் சட்டங்கள் மாறி மாறி வந்தாலும், டிசம்பர் 25 அங்கே பொது விடுமுறையாக அங்கீகாரம் பெற்றது 1958இல்தான். மக்கள் தங்கள் கொண்டாட்டத்தைக் கைவிடவில்லை, வருடப் பிறப்பு இரவுக்கு நகர்த்திக்கொண்டார்கள். வழிபாட்டின் சாயல் தெரிந்த இடத்தில் சீர்திருத்தம் கத்தியை வைத்தது. யார் யாரைக் கட்டுவது, எந்தக் குலத்தில் பெண்ணெடுப்பது என்பதில் அது அத்தனை அக்கறை காட்டவில்லை.

கல்முனைக் கரையின் குடி முறையைப் பார்க்க இது பொருத்தமான கோணம். ஸ்கொட்லாந்துக் குலப்பெயர்களின் முன்னால் வரும் ‘மக்’ என்பதற்கு மகன் என்று பொருள். அங்கே குலம் தகப்பன் வழி. இங்கே குடி தாய் வழி. பிள்ளை உம்மாவின் குடியைச் சேரும். வாப்பாவின் குடி வேறாகவே இருக்கும். கிழக்கிலங்கைத் தமிழரிடமும் இதே முறை உண்டு, பல இடங்களில் சொற்களும் ஒன்றே. முக்குவர், திமிலர் எனும் இரு சமூகத்தாருக்கிடையே நடந்த போரில் முக்குவருக்குத் துணைநின்ற முஸ்லிம்கள் பரிசாக அந்தக் குலப் பெண்களை மணந்தார்கள் என்றும், குடிகள் அப்படித்தான் வந்தன என்றும் ஒரு வாய்மொழி மரபு சொல்கிறது. கதை நடந்ததோ இல்லையோ, அது சொல்லவருவது தெளிவு: குடி பெண்ணோடு வந்தது.

ஊர்ப் பள்ளிவாசலின் நிருவாகமும் இந்த முறையிலேயே அமைந்திருந்தது. குடிக்கு ஒருவராக மரைக்கார்மார் அமர்ந்து பள்ளிவாசல் காரியங்களையும் ஊர்ப் பிணக்குகளையும் பார்த்தார்கள். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் நம்பிக்கையாளர் சபை என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சட்டத்தில் குடிக்கு இடமில்லை. ஆனாலும் சபைக்குப் பெயர் சொல்லும்போது எந்தக் குடிக்கு ஆள் இல்லை என்று எண்ணிப் பார்ப்பது பல ஊர்களில் நின்றுவிடவில்லை. 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து பல பத்தாண்டுகள் இக்கரையை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்த அமைப்பை விரிவாகப் பதிந்திருக்கிறார்.

குடிக்குள் மணம் கூடாது. மாமாவின் மகளை, மாமியின் மகளை மணக்கலாம். மச்சான், மச்சி என்ற உறவே அந்த உரிமையைச் சுமந்து நிற்கிறது. கிழக்கின் நாட்டார் கவிகளில் ஏங்குவதும் ஏசுவதும் பெரும்பாலும் மச்சானும் மச்சியும்தான். ஆனால் சாச்சியின் மகள் தங்கச்சி. அவளும் அதே குடி. குர்ஆன் தாயின் சகோதரி மகளை மணக்க அனுமதித்திருக்கிறது. ஊர் வழமை அனுமதிக்கவில்லை. மார்க்கம் ஆகுமாக்கிய ஒன்றை வழமை ஒதுக்கி வைத்திருக்கிறது, அதைப் பாவம் என்று சொல்லாமலே. இந்த நுட்பம் கவனிக்கத்தக்கது. ஆகுமான ஒன்றை ஹராம் என்று அறிவித்தால் மார்க்கத்தோடு மோதல். ‘நாங்கள் செய்வதில்லை’ என்று விட்டுவிட்டால் மோதல் இல்லை.

இஸ்லாமிய சட்டவியலில் இதற்கு இடம் இருக்கிறது. 1505இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் ஜலாலுத்தீன் ஸுயூத்தி, ஃபிக்ஹு எனும் அந்தச் சட்டவியல் முழுவதையும் தாங்கும் ஐந்து அடிப்படை விதிகளை விளக்கினார். அவற்றில் ஒன்று, வழமையும் தீர்ப்புக்கு அளவுகோலாகும் என்பது. விற்பனையில் எது ‘கையளிப்பு’, மஹர் தொகை பேசப்படாதபோது எது தகுந்த தொகை என்பவற்றை அந்தந்த ஊர் வழமையே தீர்மானிக்கும். நஸ்ஸ் எனும் நேரடி மூல வாசகத்தோடு முரண்படும் வழமைக்கு மட்டும் இடமில்லை. இன்னொரு பிரிப்பும் உண்டு. இபாதத் எனும் வணக்கத்தில், ஆதாரம் இருந்தால்தான் ஒன்றைச் செய்யலாம். ஆதத் எனும் நடைமுறையில், தடை இருந்தால்தான் ஒன்றை விடவேண்டும். அறிஞர் பலரும் ஏற்கும் இந்தப் பிரிப்பில், ஒரு செயல் எந்தப் பெட்டிக்குள் விழுகிறது என்பதைப் பொறுத்து ஆதாரம் காட்டும் சுமையே தலைகீழாகிவிடும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் எடின்பரோவின் டேவிட் ஹியூம், மனிதர் தங்கள் வாழ்வை நடத்துவது அறிவின் நிரூபணங்களால் அன்று, பழக்கத்தால் என்று வாதிட்டார். நாளை சூரியன் உதிக்கும் என்பதற்குக்கூட நம்மிடம் இருப்பது பழக்கம் தந்த எதிர்பார்ப்பே என்பது அவர் கட்சி. ஃபிக்ஹு அறிஞர்கள் பழக்கத்துக்கு இவ்வளவு பெரிய ஆட்சியைக் கொடுக்கமாட்டார்கள். இறைச்செய்தியான வஹீ அதற்கு மேலே இருக்கிறது. என்றாலும், பழக்கத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிட இருசாராரும் தயாரில்லை.

இனி உறுதிக்கு வரலாம். இஸ்லாமிய வாரிசுரிமையில் மகனுக்கு மகளைப்போல் இரண்டு மடங்கு. மூன்று பெண், இரண்டு ஆண் பிள்ளைகளை மட்டும் விட்டு ஒருவர் மௌத்தானால், சொத்து ஏழு பங்காகும். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. கல்முனைக் கரையில் இந்தக் கணக்கை எவரும் மறுப்பதில்லை. ஆனால் மௌத்தாகும் நாளில் பங்கிட என்ன மிஞ்சியிருக்கிறது என்பதே விடயம். மூத்தவளுக்கு இருந்த வீடு போயிருக்கும். பெற்றோர் அடுத்தவளுக்காக இன்னொன்று கட்டி அங்கே போயிருப்பார்கள். வயல் இருந்தால் அதிலும் ஒரு துண்டு சேர்ந்து போயிருக்கும். இவையெல்லாம் ஹிபா, அதாவது உயிரோடிருக்கும்போது கொடுத்த அன்பளிப்பு. பராயிள் எனும் வாரிசுப் பங்குக் கணக்கு தொடங்குவது மரணத்துக்குப் பிறகு. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் இதற்கு வசதி செய்தது. ஹிபா நிறைவேற, பொருளைக் கையளிக்க வேண்டும் என்பது ஃபிக்ஹு விதி. எழுதிய உறுதியை மகளின் கையில் கொடுத்தாலே அது கையளிப்புக்குச் சான்று என்று அந்தச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

ஒரு நபித்தோழர் தம் மகன் நுஃமானுக்கு மட்டும் அன்பளிப்புச் செய்து, அதற்கு நபியவர்களைச் சாட்சியாக அழைத்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தாயா என்று கேட்டு அவர்கள் சாட்சியாக மறுத்த செய்தி பிரபலமானது. பிள்ளைகளிடையே பாகுபாடு ஹராம் என்று ஹன்பலி மத்ஹபு இதிலிருந்து முடிவெடுக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் அது மக்ரூஹ். விரும்பத்தகாதது, ஆனால் செல்லுபடியாகும். இந்தச் சிறு இடைவெளிக்குள்தான் ஒரு முழுக் கரையின் வீடுகள் நிற்கின்றன. ஆண்மக்கள் ஏன் முறையிடுவதில்லை என்றால், அவர்களுக்கும் மனைவி வழியாக வீடு வருகிறது. முறையிட்டால் தன் ராத்தாவின் வீட்டையும் மனைவியின் வீட்டையும் ஒரே வாதத்தால் இழக்க நேரும்.

உலகில் இதே கேள்வி வேறுவிதமாக வெடித்த இடம் மேற்குச் சுமாத்திரா. மினாங்கபாவ் மக்களும் ஷாஃபிஈக்கள், தாய்வழியினர். அந்த மண்ணில் பிறந்து மக்கா ஹரம் பள்ளியில் ஷாஃபிஈ இமாமாக இருந்த அஹ்மத் கதீப், தம் சொந்த ஊரின் தாய்வழிச் சொத்து முறையைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். அங்கே பூர்வீக நிலம் ஒருவருக்கும் தனியாக உரியதன்று. குலம் முழுவதற்கும் சொந்தம். தகப்பன் மரித்தாலும் பராயிளுக்குள் வராத நிலம் அது. கல்முனைக் கரையில் குடி எந்த நிலத்தையும் வைத்திருக்கவில்லை. வீடு ஒரு தனிப் பெண்ணின் பெயரில், ஒரு தனி உறுதியில் இருக்கிறது. மௌலவியின் கண்ணுக்கு அது தகப்பன் மகளுக்குக் கொடுத்த அன்பளிப்பு. ஊரின் கண்ணுக்கு அது தாய்வழி முறை. கேரளத்துத் தாய்வழி மாப்பிளமாரின் கூட்டுக்குடும்பச் சொத்தும் மினாங்கபாவைப் போலக் கூட்டாக இருந்தது. அதைச் சீர்செய்ய 1939இல் சென்னை மாகாணம் தனிச் சட்டமே இயற்றவேண்டி வந்தது.

கொடியின் நிலை வேறு. ஆதரிப்போர் அதை ஆதத் என்கிறார்கள்: கொடி ஓர் அறிவிப்பு, ஓதுவது மௌலிது, கொடுப்பது ஏழைக்குச் சோறு, இதில் வணக்கம் எங்கே என்று கேட்கிறார்கள். எதிர்ப்போர் அதை இபாதத் என்கிறார்கள்: நேர்ச்சை அல்லாஹ்வுக்கே உரியது, அவுலியாவிடம் கேட்பது ஷிர்க் எனும் இணைவைப்பு, மற்றதெல்லாம் பித்அத் எனும் நூதனம். இரு தரப்பாரின் பேச்சையும் கூர்ந்து கேட்டால், தௌஹீத் எனும் ஏகத்துவத்தில் அவர்களுக்குள் வேற்றுமை இல்லை. செயலை எந்தப் பெட்டியில் வைப்பது என்பதில்தான் வேற்றுமை. கொடிக்கு இரண்டு முகமும் உண்டு என்பதால் இந்த வழக்குக்குத் தீர்ப்பு வருவதில்லை. கடந்த அரை நூற்றாண்டில் சீர்திருத்த இயக்கங்கள் பரவியபின் றாத்தீபுக்கும் கந்தூரிக்கும் போவோர் பல ஊர்களில் குறைந்தார்கள். அதே காலத்தில் வீட்டுறுதி எழுதுவது குறையவில்லை. மத்திய கிழக்குக்குப் போன வாப்பாமாரும் காக்காமாரும் அனுப்பிய பணம் அதை இன்னும் பெரிய வீடாக்கியது.

இதனால் உறுதியில் குற்றமே இல்லை என்றாகிவிடாது. மஹர் என்பது ஆண் பெண்ணுக்குக் கொடுப்பது. மனைவிக்கு உறைவிடம் தருவதும் கணவனின் கடமை. இங்கே மஹர் பெரும்பாலும் பெயருக்கு, வீடு பெண் வீட்டாரின் பொறுப்பு. வீட்டோடு ரொக்கமும் கேட்கப்படும்போது, பெண் மூன்று பெற்ற ஏழை மீனவர் குடும்பத்துக்கு அது தலைமுறைக் கடன். ரொக்கத்துக்குக் கைக்கூலி என்று பெயர். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இந்தத் தமிழ்ச் சொல்லை அப்படியே எடுத்து, பெண்ணின் பயனுக்காக மாப்பிள்ளையிடம் கொடுக்கப்படும் பொருள் என்று வரையறுத்து, அதைத் திருப்பிக் கேட்கும் வழியையும் வைத்திருக்கிறது. ஷரீஅத்தைத் தழுவி எழுந்த சட்டத்தின் நடுவில், கிதாபுகளில் இல்லாத ஓர் ஊர்ச் சொல். மறுபக்கம், தலாக் நடந்தால் வீட்டைவிட்டு வெளியேறுகிறவர் கணவர். தெருவில் நிற்கும் நிலை மனைவிக்கு வருவதில்லை. ஷரீஅத் பெண்ணுக்கு நாடிய பாதுகாப்பை வேறு வழியால் இது தந்துவிடுகிறது என்று வாதிட இடமிருக்கிறது. அந்தப் பாதுகாப்பின் விலையை அவளுடைய வாப்பாவே கட்டுகிறார் என்று எதிர்வாதம் செய்யவும் இடமிருக்கிறது. இரண்டாவது வாதத்தின் பாரம், நிலம் சுருங்கச் சுருங்கக் கூடுகிறது. கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய கல்முனையில் மூன்றாவது மகளுக்கு வளவு கிடைப்பதே அரிது.

வெளியுலகம் இந்த ஊர்களை அறிந்தது இவற்றில் எதனாலும் அன்று. சாய்ந்தமருது என்ற பெயர் உலகச் செய்திகளில் வந்தது 2019 ஏப்ரல் 26 இரவு, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலோடு தொடர்புடையோர் ஒளிந்திருந்த வீடொன்று வெடித்தபோது. ஊரின் கந்தூரியும் கவியும் குடியும் அந்தச் செய்திகளில் இடம்பெறவில்லை. ஸ்கொட்லாந்தியரைச் சிக்கனக்காரர் என்று சிரிப்பதும் இவ்வகைதான் என்றாலும், அந்தச் சிரிப்பு எவரையும் பேருந்தில் பரிசோதனைக்கு இறக்கிவிடுவதில்லை.

அதற்கு முன்னர் இக்கரை உலகின் கண்ணில் பட்டது 2004 டிசம்பர் 26இல். இலங்கையில் சுனாமி மிக அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரம் அளவில். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கடலோர வளவுகள் துடைக்கப்பட்டன. கடற்கரைப் பள்ளியும் அலைக்குள் அகப்பட்டது. பின்னர் அங்கே மறுபடி கொடி ஏறியது. கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் கட்டக்கூடாது என்று அரசு முதலில் அறிவித்ததால், வீடிழந்தோர் புதிய குடியேற்றத் திட்டங்களுக்காகக் காத்திருந்தார்கள். வீடு வழங்கும் பட்டியல்கள் குடும்பத் தலைவர் என்ற நிரலின்படி தயாராயின. தலைவர் என்றால் ஆண் என்பது அந்த நிரலுக்குள் சொல்லாமலே அடங்கியிருந்தது. ஃபிக்ஹு வாதங்களும் சீதன எதிர்ப்பும் தொடாத ஓர் இடத்தை அலுவலகப் படிவம் தொட்டது. வீட்டை மனைவியின் பெயரிலோ இருவர் பெயரிலுமோ தரவேண்டும் என்று கிழக்கின் பெண்கள் அமைப்புகள் கோரிக்கை எழுப்பின. பல குடும்பங்களில் அலை கொண்டுபோன வீடு உம்மாவின் பெயரில் இருந்தது. அரசு தந்த வீட்டின் ஆவணத்தில் வாப்பாவின் பெயர்.